கற்பனைக் கதைகளில் இருதயம்

புதுப்பட்டினத்திலிருந்து கடற்கரை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் மாமல்லபுரத்தை அடைவர். அங்கே கிருஷ்ண மண்டபத்துப் பாறையில், பால் கறக்குங்கால் தன் கன்றை நக்கிக் கொடுக்கும் பசு ஒன்றைச் சிற்பி வடித்து வைத்திருக்கிறான். கல்லிலும் கனிவைக் கண்ட கை அது. ஆயினும் நம் மொழி இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்றே அழைக்கிறது. இரக்கமுடையவனுக்கு நெஞ்சில் ஈரமுண்டு என்கிறது. குருதியைச் செலுத்தும் ஓர் உறுப்பு மானிடத் தன்மைக்கே அடையாளமானது எவ்வாறு? கற்பனைக் கதைகள் சிலவற்றைக் கொண்டு இதனை ஆராய்வாம். அக்கதைகளில் இருதயம் ஒளிக்கப்படுகிறது, விற்கப்படுகிறது, தேடப்படுகிறது. இம்மூன்றையும் முறையே நோக்குவாம்.

நம் பாட்டிமார் சொல்லும் கதையில், அரக்கன் தன் உயிரை ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் ஒரு கிளியினுள் ஒளித்து வைக்கிறான். நார்வே தேசத்து ஆஸ்பியோர்ன்சன், மூ என்னும் இருவர் தொகுத்த நாடோடிக் கதைகளுள் ஒன்று இதற்கு உடன்பிறந்தது போன்றது. அதில் வரும் பூதத்தின் இருதயம் ஒரு முட்டைக்குள் இருக்கிறது. முட்டை ஒரு வாத்தினுள். வாத்து ஒரு கிணற்றில். கிணறோ ஏரி நடுவே ஒரு தீவிலுள்ள ஆலயத்தில். தன் நெஞ்சை இங்ஙனம் பத்திரப்படுத்திய பூதம், அரசகுமாரர் அறுவரையும் அவர்தம் மணமகளிரையும் கல்லாக்கி விடுகிறது. நோவுக்கு அஞ்சித் தன் நெஞ்சை ஒளித்தவன் பிறரைக் கல்லாக்குவான் என்பது இதன் உட்பொருள். அம்முட்டையைக் கண்டெடுக்கும் இளைய குமாரன் வாள்வலியால் வென்றவன் அல்லன். பசித்த காகத்துக்கு உணவிட்டான். கரையில் தவித்த மீனை நீரில் விட்டான். ஓநாயின் பசிக்குத் தன் குதிரையையே அளித்தான். அவை செய்த உதவியாலேயே அவன் வென்றான்.

இனி விற்றவன் கதை. 1827ஆம் ஆண்டில் இளமையிலேயே இறந்த ஜெர்மானிய ஆசிரியர் வில்ஹெல்ம் ஹாஃப் எழுதிய 'குளிர்ந்த இருதயம்' என்பதில், பீட்டர் என்னும் கரி சுடும் ஏழை, பொன்னுக்காகத் தன் இருதயத்தை மிக்கேல் என்னும் பூதத்திடம் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு கல்லைப் பெறுகிறான். அப்பூதத்தின் வீட்டில், ஊர்ப் பெரியவர்களின் இருதயங்களெல்லாம் பெயர் எழுதிய சாடிகளில் வரிசையாக இருக்கின்றன! பீட்டருக்கு அச்சம் ஒழிந்தது. அதனுடன் மகிழ்ச்சியும் ஒழிந்தது. வட்டிக்குக் கொடுத்துப் பொருள் சேர்த்தான். கிழவன் ஒருவனுக்கு உணவும் பானமும் கொடுத்த குற்றத்திற்காகத் தன் மனைவியையே அடித்து வீழ்த்தினான். துன்பத்தை மட்டும் விற்றுவிட்டு இன்பத்தை வைத்துக்கொள்ள இயலாது என்பதை இக்கதையினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

மூன்றாவது, தேடியவன் கதை. அமெரிக்க ஆசிரியர் பாம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆஸ் நாட்டு மந்திரவாதியின் கதையில் தகர மனிதன் ஒருவன் வருகிறான். தனக்கு இருதயம் இல்லையே என்று வருந்தி, அதைப் பெற நெடுவழி நடக்கிறான். வழியில் அறியாது ஒரு வண்டை மிதித்துக் கொன்றுவிடுகிறான். அதற்காக அவன் வடித்த கண்ணீரால் தாடை துருப்பிடித்து, வாய் திறக்க முடியாமற் போகிறது. முடிவில் மந்திரவாதி அவனுக்கு அளிப்பது மரத்தூள் அடைத்த பட்டு இருதயமே. வண்டுக்கு அழுதபோதே அவன் மனிதனாய்விட்டான் அன்றோ?

1967ஆம் ஆண்டு டிசம்பரில் கேப்டவுன் நகரில் டாக்டர் பெர்னார்டு ஒருவர் இருதயத்தை மற்றொருவர்க்குப் பொருத்தினார். உறுப்பு மாறினும் ஆள் மாறுவதில்லை என்பது அதன்பின் யாவர்க்கும் தெளிவாயிற்று. அங்ஙனமாயின் கதைகள் கூறியன பொய்யோ எனச் சிலர் வினவக்கூடும்.

விடைக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமக்கு அண்மையிலுள்ள திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், 2008ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், விபத்தில் மூளைச்சாவு எய்திய தம் 15 வயது மைந்தனின் உறுப்புக்களைத் தானமாக அளித்தனர். சென்னை வீதிகளில் போலீசார் வழியொதுக்கித் தர, அச்சிறுவனது இருதயம் மற்றொரு மருத்துவமனையிலிருந்த ஒரு சிறுமியைச் சென்று சேர்ந்தது. தமிழ்நாட்டில் பலர் உறுப்புத் தானத்தைப் பற்றி எண்ணத் தொடங்கியது அந்நிகழ்ச்சியால்தான். அன்று பெட்டியில் வைத்துக் கொண்டு செல்லப்பட்டது தசையாலான உறுப்பு. அதைக் கொடுக்க இசைந்ததே கதைகள் கூறும் இருதயம். தம் நோவு ஆறாத நேரத்திலும் அப்பெற்றோர் பிறர் நோவுக்கு இடங்கொடுத்தனர்.

ஒளித்த பூதம் அழிந்தது. விற்றவன் வருந்தி மீட்டான். தேடியவனிடம் அது முன்னமே இருந்தது. மாணவர்களாகிய நாம் தேர்வுகளுக்காகப் பலவற்றை மனப்பாடம் செய்கிறோம். கற்றது மனத்தில் நிற்பது நன்றே. அதனோடு, வழியில் மிதிபட்ட வண்டுக்காக ஒரு கணம் நிற்கவும் கற்போமாயின், நம் கல்வி நிறைவுறும்.