பருவமழைக்கு முன் பணிமனைக்கு: நெடுஞ்சாலைத் துறை வாகனங்களுக்கான செப்டம்பர் வேலைகள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் மூன்றாம் வாரத்தில். தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதி, டிசம்பர் முடிவதற்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நாட்களில் சாலையில் மரம் சாய்ந்தாலும், மலைச்சரிவில் மண் இறங்கினாலும், தரைப்பாலத்தை வெள்ளம் அரித்தாலும் முதலில் தேடப்படுவது நெடுஞ்சாலைத் துறையின் ஜேசிபியும் டிப்பரும் மரம் அறுக்கும் இயந்திரமும்தான். 60,000 கி.மீ.க்கு மேற்பட்ட சாலைகள் அந்தத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன.

மழைக்கு முந்தைய ஆய்வுக் கூட்டங்களில் இத்தனை பொக்லைன், இத்தனை ஜெனரேட்டர், இத்தனை மணல் மூட்டைகள் தயார் என்று பட்டியல் வாசிக்கப்படும். அவற்றில் எத்தனை இயந்திரங்கள் நள்ளிரவு 2 மணிக்கு, கொட்டும் மழையில், சாவியைத் திருப்பியதும் கிளம்பும்? அதைக் கண்டுபிடிக்க வேண்டிய மாதம் செப்டம்பர். அக்டோபரில் தெரியவந்தால் பழுது பார்க்க நேரமிருக்காது.

ஓடுவதை மட்டும் எண்ண வேண்டும்

ஒவ்வொரு உட்கோட்டமும் தன்னிடமுள்ள வாகனங்களையும் இயந்திரங்களையும் மூன்றாகப் பிரித்து எழுதுவது முதல் வேலை. இன்றே ஓடுபவை, இரண்டு வாரப் பழுதுபார்ப்பில் ஓடக்கூடியவை, இந்த மழைக்குள் தேறாதவை. மூன்றாவது வகையைத் தயார்ப் பட்டியலிலிருந்து கூச்சமில்லாமல் நீக்கிவிட வேண்டும். செட்டில் நிற்கும் பழைய ரோடு ரோலரையும் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினால், மழை நாளில் அந்த எண்ணை நம்பி முடிவெடுக்கும் மாவட்ட நிர்வாகம்தான் ஏமாறும்.

வயதையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு நிறைந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற வாகன உடைப்பு மையத்துக்கு அவற்றை அனுப்பியாக வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு. சாலைப் பணி வாகனங்கள் அந்த விலக்கில் வராது. நவம்பரில் 15 ஆண்டு முடியும் டிப்பரை நம்பித் திட்டம் போட்டால், பாதி மழையில் கையில் வண்டி இருக்காது. ஆகவே பதிவுச் சான்றில் உள்ள தேதியை இப்போதே பார்த்து, மாற்று வண்டிக்கு எழுதிவிட வேண்டும்.

துறையின் சொந்த வண்டிகள் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். பொள்ளாச்சியில் தொடங்கிப் பிற கோட்டங்களுக்கும் பரவிய, செயல்பாட்டின் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்த முறையில், இயந்திரங்கள் ஒப்பந்ததாரர் கையில்தான் இருக்கின்றன. அவற்றையும் நேரில் போய் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாடகை ஜேசிபிகளுக்கு மணிக் கட்டணம், ஆபரேட்டர் படி, டீசல் யார் பொறுப்பு என்பதை மழைக்கு முன்பே எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது. வணிக நோக்கமில்லாத அரசு வாகனங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு தருகிறது. வாடகை வண்டிகளுக்கு அந்த விலக்கு கிடையாது. அவற்றின் காப்பீடும் தகுதிச் சான்றும் டிசம்பர் முடியும்வரை செல்லுபடியாகுமா என்று பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

கிலோமீட்டரை விட ஹவர் மீட்டர் முக்கியம்

ஜீப்புக்கும் டிப்பருக்கும் சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில். பொக்லைன், ரோலர், ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு ஓடிய மணிநேரம்தான் கணக்கு. தயாரிப்பாளர் கையேடுகள் பெரும்பாலும் 250, 500, 1000 மணி என்று சர்வீஸ் படிகளை வகுத்திருக்கும். ஒரு ஜேசிபியின் அடுத்த சர்வீஸ் 500 மணியில், மீட்டர் இப்போது 430 என்று வைத்துக்கொண்டால், சாதாரண நாட்களில் இன்னும் சில வாரங்கள் தாங்கும். புயலுக்குப் பின் இரண்டு ஷிப்டில் நாளுக்கு 16 மணி ஓடினால் மீதி 70 மணியும் ஐந்தே நாளில் தீர்ந்துவிடும். வேலை உச்சத்தில் இருக்கும்போது இயந்திரத்தை நிறுத்தி ஆயில் மாற்ற யாருக்கும் மனம் வராது. அதனால் மழைக்காலத்துக்குள் வரவிருக்கும் சர்வீஸை இப்போதே முன்கூட்டிச் செய்துவிட வேண்டும்.

அரசு தானியங்கிப் பணிமனைகளுக்குப் பல துறைகளின் வண்டிகளும் வருகின்றன. கடைசி வாரம் அனுப்பினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். முதலில் டிப்பர், அடுத்து ஆள் ஏற்றும் வண்டி, பிறகு அலுவலர் ஜீப் என்ற வரிசையில் அனுப்பலாம்.

உதிரிபாகங்களும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஹைட்ராலிக் ஹோஸ், அதன் ஓ-ரிங், பக்கெட் பற்கள், வைப்பர் பிளேடு, ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு ஆகியவற்றில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு செட் தனியாகக் கட்டி, வண்டி எண்ணை எழுதி வைக்க வேண்டும். மழை இரவில் கடை திறந்திருக்காது. ஒரு ஹோஸ் வெடித்தால் பொக்லைன் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

தண்ணீர் புகும் இடங்கள்

மழைக்கால பிரேக்டவுன்களில் பலவற்றின் வேர் டீசலில் கலந்த தண்ணீர். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிருக்கு ஈரம் வியர்த்து அடியில் தேங்கும். மாலையில் வேலை முடிந்ததும் டாங்கை நிரப்பி வைப்பதும், காலையில் வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து நீரை வடிப்பதும் ஓட்டுநரின் அன்றாட வழக்கமாக வேண்டும். டீசல், ஆயில் பேரல்களை வெளியில் நிமிர்த்தி நிறுத்தினால் மேல் மூடியைச் சுற்றி மழைநீர் நிற்கும். பகல் வெயிலில் சூடாகி இரவில் குளிரும் பேரல் அந்த நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். கூரையின் கீழ், கட்டைமேல் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் வரும்படி வைப்பதே சரி.

பேட்டரி முழு சார்ஜில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஓய்வில் 12.2க்கு வந்துவிட்டால் பாதி இறங்கியது என்று பொருள். மாதக்கணக்கில் நிற்கும் ஜெனரேட்டரும் ரோலரும் பெரும்பாலும் கைவிடுவது இங்கேதான். வாரம் ஒருமுறை, வெறுமனே ஸ்டார்ட் செய்து அணைத்துவிடாமல், அரை மணி நேரமாவது லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டயரின் பட்டன் ஆழம் சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. இருந்தாக வேண்டும். மலைப்பாதை டிப்பருக்கு அந்த எல்லையைத் தொடும்வரை காத்திருப்பது ஆபத்து. ஏர் பிரேக் வண்டிகளில் காற்றுத் தொட்டியில் சேரும் நீரைத் தினமும் வடிக்க வேண்டும். வெள்ளத்தைக் கடந்து வந்த வண்டியின் பிரேக்கை மெதுவாக நாலைந்து முறை மிதித்து ஈரம் போக்கிய பிறகே வேகமெடுக்க வேண்டும். பொக்லைன் கையின் பின், புஷ் எல்லாவற்றுக்கும் சேற்று வேலை முடிந்த அன்றே கிரீஸ் அடித்தால், புது கிரீஸ் உள்ளே புகுந்த சேற்றை வெளியே தள்ளிவிடும். மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தால் சேறு இரவெல்லாம் உள்ளேயே இருந்து இரும்பைத் தின்னும்.

பிஎஸ்-6 டிப்பர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. அவற்றின் யூரியா கரைசல் தொட்டி காலியானாலோ அதில் வெறும் தண்ணீர் கலந்தாலோ, என்ஜின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். டீசல் கையிருப்போடு 32.5 சதவீத யூரியா கரைசலையும் இருப்பு வைத்தாக வேண்டும்.

மரம் அறுக்கும் இயந்திரம்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும், 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினம் - வேதாரண்யம் இடையே கரையேறியபோதும், சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. அத்தகைய நாளில் கையில் தூக்கிச் செல்லும் மரம் அறுக்கும் இயந்திரம் வழி திறக்காவிட்டால், பின்னால் வரும் பெரிய இயந்திரங்களும் மேலே நகர முடியாது.

இந்தச் சிறு இயந்திரம்தான் மிக எளிதில் கெட்டுப்போகிறது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். போன ஆண்டு ஊற்றிய பெட்ரோல் தொட்டியில் அப்படியே கிடந்தால் கார்புரேட்டர் அடைத்திருக்கும். பழையதை வடித்துவிட்டு, கையேட்டில் சொன்ன விகிதத்தில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த புதிய எரிபொருளை நிரப்ப வேண்டும். செயினைச் சாணை பிடித்து, இறுக்கம் பார்த்து, உபரியாக இரண்டு செயின்கள் வைத்துக்கொள்ள வேண்டும். அறுப்பவருக்குத் தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, கால் காப்பு ஆகியவை இயந்திரத்துடன் ஒரே பெட்டியில் இருக்கட்டும். மரத்தோடு மின்கம்பி சிக்கியிருந்தால், மின் இணைப்பு துண்டிக்கப்பட்டதை மின்வாரியப் பணியாளர் நேரில் உறுதிசெய்யும்வரை யாரும் கிளையைக்கூடத் தொடக் கூடாது.

சுரங்கப்பாதைகளில் நீர் இறைக்கும் பம்புகளுக்கு ஃபுட் வால்வும் சல்லடையும்தான் உயிர். குப்பை அடைத்தால் என்ஜின் ஓடும், தண்ணீர் ஏறாது. மேலும், உறிஞ்சும் உயரம் 7 மீட்டரைத் தாண்டினால் மேலே வைத்த பம்ப் பயன்படாது. அங்கே நீர்மூழ்கி பம்ப் தேவை. ஜெனரேட்டரையும் டீசல் பம்பையும் மூடிய அறையிலோ சுரங்கத்தின் உள்ளேயோ ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

எங்கே நிறுத்துவது?

நல்ல நிலையில் உள்ள இயந்திரமும் தவறான கரையில் நின்றால் வீண். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 51 செ.மீ., ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பதிவானது. அரசூர் அருகே வெள்ளம் ஏறிச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே நின்றது. திருவண்ணாமலை மாவட்டம் தொண்டமானூரில், திறந்து சில மாதங்களே ஆன தென்பெண்ணைப் பாலத்தை ஆறு அடித்துச் சென்றது. முந்தைய ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்கள் துண்டிக்கப்பட்டன. எல்லா இயந்திரங்களும் கோட்ட அலுவலக வளாகத்தில் நின்றால், சாலை அறுந்த பிறகு மறுகரைக்கு எதுவும் போய்ச் சேராது.

ஆறு குறுக்கிடும் இடங்களில் இரு கரைகளிலும் ஒவ்வொரு ஜேசிபியாவது நிற்க வேண்டும். 2009 நவம்பரில் நிலச்சரிவுகள் 40க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்த நீலகிரியில், மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையின் கீழ்முனையான கல்லாறு பக்கமும் மேலே குன்னூர் பக்கமும் தனித்தனி இயந்திரம், தனித்தனி ஆபரேட்டர், தனித்தனி டீசல் இருப்பு தேவை. நிறுத்துமிடம் மேடாக இருக்க வேண்டும். சரிவின் அடியிலோ மரத்தின் கீழோ ஏரிக்கரையை ஒட்டியோ கூடாது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இரண்டு ஆபரேட்டர்களின் பெயரை எழுதி வைக்க வேண்டும். 20 மணி நேரம் தூங்காத ஒருவரிடம் மலைப்பாதையில் பொக்லைனை ஒப்படைப்பது இன்னொரு விபத்துக்கு வழி.

எச்சரிக்கையின் நிறத்துக்கு ஏற்ற வேலை

வானிலை ஆய்வு மையத்தின் நிறங்களை அப்படியே வேலைப் பட்டியலாக மாற்றிக்கொள்ளலாம்.

மஞ்சள், அதாவது 7 முதல் 11 செ.மீ.: டாங்குகளை நிரப்புவது, பேட்டரி பார்ப்பது, ஆபரேட்டர்கள் ஊரில் இருக்கிறார்களா என்று உறுதிசெய்வது.

ஆரஞ்சு, 12 முதல் 20 செ.மீ.: இயந்திரங்களைக் குறித்த இடங்களுக்கு நகர்த்துவது, இரவு ஷிப்டைத் தொடங்குவது.

சிவப்பு, 20 செ.மீ.க்கு மேல்: நகர்த்தல் முடிந்திருக்க வேண்டும். மழை வலுத்தபின் லாரியில் ஏற்றி அனுப்பும் பொக்லைன் வழியிலேயே சிக்கும்.

ஓடும் வெள்ளம் இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். டிப்பர் கனமானது என்ற தைரியத்தில் தரைப்பாலத்தில் இறங்கக் கூடாது.

மூழ்கிய வண்டியைத் தட்டி எழுப்பக் கூடாது

நீரில் நின்ற வண்டியை 'ஒரு செல்ஃப் அடித்துப் பார்ப்போம்' என்று முயல்வதுதான் பெரிய செலவு. காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது. என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில், ஹைட்ராலிக் ஆகிய எல்லா ஆயிலையும் வடித்து, ஃபில்டர்களை மாற்றி, சக்கர பேரிங்குகளுக்குப் புது கிரீஸ் வைத்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம். எந்த மட்டம் வரை தண்ணீர் நின்றது என்பதைப் புகைப்படத்துடன் லாக் புக்கில் குறித்தால், பழுதுச் செலவுக்கு ஒப்புதல் பெறுவது எளிது.

ஒவ்வொரு பிரேக்டவுனையும் தேதி, இடம், காரணம், நின்ற மணிநேரம் என நான்கு கட்டங்களில் எழுதி வரலாம். ஜனவரியில் அந்தத் தாள்களைப் புரட்டினால், அடுத்த ஆண்டு எதை வாங்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்பதற்குத் தனியாக ஆய்வு தேவைப்படாது.

பொதுமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாலை அடைபட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070, தேசிய நெடுஞ்சாலையென்றால் 1033 என்ற எண்களில் அழைக்கலாம். அழைப்பவர் ஊர்ப் பெயரோடு அருகிலுள்ள கி.மீ. கல்லின் எண்ணையும், தாம் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் சொன்னால், எந்தக் கரையிலிருந்து இயந்திரத்தைக் கிளப்புவது என்று அலுவலர் உடனே முடிவெடுக்க முடியும்.