மடிநோய்க்கு மருந்திடும் முன் பாலைச் சோதியுங்கள்

கறவை மாடு வளர்ப்போருக்குப் பெரும் நட்டத்தைத் தருவது மடிநோய். மடி வீங்கிப் பால் திரிந்தவுடன், சென்ற முறை கேட்ட அதே மருந்தை வாங்கிக் காம்பில் ஏற்றுவது பலரது வழக்கம். ஒரு மாட்டில் குணம் தெரியும், மற்றொன்றில் தெரியாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெபிலோகாக்கஸ், ஈ.கோலை எனப் பல கிருமிகள் இந்நோயை உண்டாக்குவதே காரணம். எக்கிருமி என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

மாதிரி எடுக்கும் முறை

மருந்து கொடுக்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும். மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்கவும். முதல் மூன்று, நான்கு பீச்சுப் பாலை நீக்கிவிட்டு, கிருமி நீக்கிய புட்டியில் பால் பிடித்து மூடி, பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வுக்கூடம் சேர்க்கவும்.

கிருமியை அறிதல்

இரத்தம் கலந்த ஊடகத்தில் பாலைத் தீற்றி, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வளர்ப்பர். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஊதா மணிச்சரம் போலவும், ஸ்டெபிலோகாக்கஸ் திராட்சைக் கொத்து போலவும் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் பின்னது நுரைக்கும், முன்னது நுரைக்காது. மாட்டுக்கு மாடு தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே வகையை, 1944-ல் வெளியான 'கேம்ப்' சோதனையால் பிரித்தறியலாம்.

எம்மருந்து கேட்கும்?

கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை அதன் மேல் வைப்பர். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து, அந்தந்த மருந்துக்குரிய அளவோடு ஒப்பிட்டு முடிவு சொல்வர்.

அகலாக்டியே பெரும்பாலும் பெனிசிலினுக்குக் கட்டுப்படும். விலை உயர்ந்த மருந்து தேவைப்படாது. ஆனால் டெட்ராசைக்ளினை எதிர்க்கும் அகலாக்டியே பல இடங்களில் காணப்படுகிறது. ஜென்டாமைசின் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் உள்ளே போதிய அளவு புகுவதில்லை. எனவே தனியே கொடுத்தால் பயன் குறைவு. ஸ்டெபிலோகாக்கஸில் சில, பெனிசிலினையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. பொருந்தாத மருந்தையும் குறைந்த அளவையும் திரும்பத் திரும்பக் கொடுத்தால், எதிர்ப்புள்ள கிருமிகளே பிழைத்துப் பெருகும்.

கவனிக்க வேண்டியவை

காய்ச்சல் கண்டு தீவனம் எடுக்காத மாட்டுக்கு முடிவு வரும்வரை காத்திருக்கலாகாது. மாதிரி எடுத்தபின் கால்நடை மருத்துவர் உடனே சிகிச்சையைத் தொடங்குவார். தேவையானால் பின்னர் மருந்தை மாற்றுவார். அவர் குறித்த நாள்வரை மருந்தை நிறுத்தக் கூடாது. மருந்துக்குரிய விலக்கு நாட்கள் முடியும்வரை பாலை விற்கவோ, வீட்டில் பயன்படுத்தவோ கூடாது. காய்ச்சுவதால் பாலிலுள்ள மருந்து முழுதும் அழியாது.

ஒரு புட்டிப் பாலைச் சோதிப்பதால் வீண் மருந்துச் செலவு குறையும், காம்பும் காப்பாற்றப்படும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகிப் பயன்பெறுக.