கட்டுரை தொடங்கும் முன்: தென்காசித் தம்பி தங்கைகளுக்கு

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வரும் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மென்பொருள்தான் பிழைப்பு. மத்தளம்பாறையில் 2011இல் சோகோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்த பிறகு தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் இது இயல்பாகிவிட்டது. அதனால் ஏதாவதொரு பாதுகாப்பு மென்பொருளுக்குக் கட்டுரை போடலாமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். பல வருடமாகக் கட்டுரைகளைத் துப்புரவு செய்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1. மென்பொருள் நல்லதா என்று பார்க்காதீர்கள். அதோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். குறிப்பிடத்தக்கமை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஆயிரம் பேர் வாங்கினார்கள், நம்ம ஊர்ப் பையன் செய்தது என்பதெல்லாம் சான்றாகாது.

2. மேற்கோள்களை எண்ணாதீர்கள், திறந்து படியுங்கள். போன சாரல் சமயத்தில் ஒரு தம்பி மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டுரையில் 12 மேற்கோள்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஏழு பக்கங்களில் "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" என்று ஒரே செய்தி, காற்புள்ளிகூட மாறவில்லை. நிறுவனம் அனுப்பிய அறிக்கையை அப்படியே போட்டிருந்தார்கள். மூன்று, நிறுவனத்தின் சொந்த வலைப்பூ. ஒன்று விலைப்பட்டியல். மிச்சம் ஒன்றே ஒன்று: யாரோ ஒருவர் அதைத் தன் கணினியில் நிறுவி, எங்கே ஓடியது, எங்கே திணறியது என்று பொறுமையாக எழுதியிருந்தார். தம்பியின் முகம் வாடிவிட்டது. மூன்று வாரம் ராத்திரி கண்விழித்த வேலை. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும், அதைப்போல இன்னும் இரண்டு கிடைக்கும்வரை மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்திலேயே கிடக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

3. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்று பாதுகாப்பு மென்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகங்களின் அட்டவணையில் ஒரு வரி வந்தால் போதாது. கட்டுரைக்குள் மதிப்பெண்ணைச் சொல்ல அது உதவும்; கட்டுரையைத் தாங்காது. மென்பொருள் ஓட்டைகளை அடையாளம் காட்டும் சிவிஇ எண்ணும் அப்படித்தான். வருடத்துக்குப் பல்லாயிரம் ஓட்டைகளுக்கு அந்த எண் கொடுக்கிறார்கள்.

4. கெட்ட செய்தியும் சான்றுதான். மறந்துபோன கடவுச்சொல்லை ஊழியரே மாற்றிக்கொள்ள உதவும் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ், சோகோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு செய்தது. அதிலிருந்த ஓட்டை வழியாகத் தாக்குகிறார்கள் என்று 2021 செப்டம்பரில் எஃப்பிஐயும் வேறு இரண்டு அமெரிக்க அமைப்புகளும் சேர்ந்து எச்சரித்தன. வெளி ஆய்வாளர்களும் அலசி எழுதினார்கள். நம் பக்கத்து நிறுவனம் என்று அந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள். ஓட்டையை அடைத்துத் திருத்தம் வெளியிட்டதையும் சேர்த்தே எழுதுங்கள்.

5. சிறியது என்று தள்ளிவிடவும் கூடாது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியை வெளியில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டப் போய், அதற்குள் யாரோ கள்ளவழி வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். உலகமே அதைப் பற்றி எழுதியது.

6. நீங்கள் எழுதும் மென்பொருளைச் செய்த நிறுவனத்திலேயே வேலை பார்க்கிறீர்களா? பயனர் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். சம்பளத்துக்கு எழுதுவதை மறைக்கக்கூடாது என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. கட்டுரையில் கைவைக்காமல் பேச்சுப் பக்கத்தில் வேண்டுகோள் வையுங்கள். வேறொருவர் பார்த்துச் சேர்ப்பார்.

7. கட்டுரை தேறவில்லை என்றால் நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் இரண்டு வரி சேர்த்தால் போதும். மீதி உழைப்பைப் பொதுக் கட்டுரைகளுக்குக் கொடுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று ஓடிபி கேட்டு ஏமாற்றுவது எப்படி நடக்கிறது, கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு பூட்டு எதற்கு என்று நம் ஆட்கள் தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தம்பி இப்போது இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் பத்தியை அவர் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாராம். புரியாத இரண்டு சொல்லை அம்மா சொல்ல, மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்.