புண்ணாற்றும் நீர்க்களி

கதிர் அறுக்கையில் அரிவாள் கையைக் கிழிப்பதும், நெல் அவிக்கையில் வெந்நீர் காலில் கொட்டுவதும் ஏனாத்தூர், உத்திரமேரூர்ப் பக்கங்களில் புதிதல்ல. "காற்றாட விடு, காய்ந்தால் ஆறிவிடும்" என்பார்கள் பெரியவர்கள். இக்கருத்து சரிதானா? வேதியியல் துணைகொண்டு ஆராய்வோம்.

ஈரமும் புண்ணும்

இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் என்பார் 1962-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பன்றித் தோலில் ஆழமில்லாக் காயங்கள் சிலவற்றைத் திறந்தும், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடியும் வைத்துப் பார்த்தார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. காய்ந்த புண்ணில் பொருக்குக் கட்டுவதால், புதிய செல்கள் அதனடியில் ஈரம் தேடிச் சுற்றிச் செல்ல வேண்டியுள்ளது. ஈரப்பரப்பிலோ அவை நேரே நகர்கின்றன. தீப்பட்டவரை வாழையிலையில் கிடத்தும் நம் வழக்கத்திலும் நன்மை உண்டு. இலை புண்ணில் ஒட்டுவதில்லை.

நீர்க்களி என்பது யாது?

சர்பத்தில் ஊறிய சப்ஜா விதையைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்று தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அது இயற்கை நீர்க்களி, அதாவது ஹைட்ரோஜெல். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்து வைக்கின்றன.

மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், பாலிவினைல் ஆல்கஹாலைக் கொண்டு இத்தகைய புண்கட்டு ஒன்றை உருவாக்கி, அதன் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனங்களுக்கும் வழங்கியது. இச்சேர்மத்தின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் நீரை ஈர்ப்பவை. ஆயினும் தனித்தனிச் சங்கிலிகள் வெந்நீரில் கரைந்துவிடும். எனவே அவற்றைக் குறுக்கே பிணைத்தல் வேண்டும். கரைசலின்மீது காமாக் கதிர் பாயும்போது, நீர் சிதைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் தோன்றுகின்றன. அவை சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் அணுவைப் பறிக்க, சங்கிலிகள் ஒன்றோடொன்று இணைகின்றன. பிணைப்பதற்கெனத் தனி வேதிப்பொருள் தேவையில்லை. அதே கதிர்வீச்சு கிருமிகளையும் அழிப்பது கூடுதல் நன்மை.

பயனும் எல்லையும்

நீர்க்களி குளிர்ச்சி தந்து எரிச்சலைத் தணிக்கிறது. இறந்த திசுக்களை ஊறவைத்து நெகிழச் செய்கிறது. துணிக்கட்டுப்போல் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புதுத்தோலையும் உரிப்பதில்லை. ஒளி ஊடுருவுவதால் கட்டைப் பிரிக்காமலே புண்ணைப் பார்க்கலாம்.

ஆனால் எல்லாப் புண்ணுக்கும் இது மருந்தன்று. நீர் மிகுதியாக வடியும் புண்ணில் இட்டால் சுற்றுத்தோல் ஊறிப் பழுதாகும். ஆழ்ந்த தீக்காயத்துக்குத் தோல் ஒட்டும் சிகிச்சை வேண்டியிருக்கலாம். சீழ் பிடித்த புண்ணையும் நீரிழிவு நோயாளியின் கால் புண்ணையும் மருத்துவரே பார்த்தல் வேண்டும்.

தீப்பட்டால் மையோ பற்பசையோ தடவலாகாது. இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டி, தூய துணியால் மூடி மருத்துவமனைக்குச் செல்வதே முறை. வகுப்பில் கற்ற இந்த அறிவை நம் வீட்டு அடுப்படிக்கும் களத்துமேட்டுக்கும் கொண்டு செல்வது நம் கடமையன்றோ!