படபடப்புக்கு அமுக்கரா: வாங்குவது முதல் நிறுத்துவது வரை

நாட்டு மருந்துக்கடையில் போய் “மனசு அமைதியா இருக்க ஏதாவது குடுங்க” என்று கேட்டால் அமுக்கரா, வல்லாரை, நீர்ப்பிரமி, சடாமாஞ்சில், ஜாதிக்காய் என்று நாலைந்து பொட்டலம் கைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து குடிப்பவர்களும் உண்டு. தூக்கம் எதனால் வந்தது, வயிறு எதனால் கெட்டது என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு சமயத்தில் ஒரே மூலிகை, அளந்த அளவு, முன்கூட்டியே குறித்துவைத்த கெடு. இப்படிச் சாப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மூலிகைக்கு முன்னால் காபியைக் கவனியுங்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு ஸ்ட்ராங்காக ஒரு டிகாக்‌ஷன் காபி, இரவு 10 மணிக்கு அமுக்கரா பால் என்பது ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்கிற கதை. ஒரு வாரத்துக்கு மதியத்துக்கு மேல் காபி, டீ இரண்டையும் விட்டுப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சிலருக்கு வேலை இத்துடனே முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை நடுங்கும், வியர்க்கும். ரத்தசோகையிலும் படபடப்பு உண்டு. டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது என்பதால், ஏற்கெனவே அதிகம் சுரப்பவருக்கு அது நோயைத்தான் வளர்க்கும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்க்காரர்கள் அமுக்கராவைத் தொட வேண்டாம். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, சர்க்கரை அல்லது ரத்த அழுத்த மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறுவது இவை எல்லாவற்றையும்விட ஆபத்து.

இனி வாங்குவது. கடையில் இரண்டு சரக்கு இருக்கும், பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று வெறும் அமுக்கரா கிழங்குப் பொடி. மற்றது சித்த மருத்துவத்தின் அமுக்கரா சூரணம். அதில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்கு. கூட்டிப் பாருங்கள், பாதி சர்க்கரை. நீரிழிவுக்காரர் தெரியாமல் தினமும் பாலில் போட்டுக் குடித்தால் என்ன ஆகும்? சுக்கும் திப்பிலியும் அல்சர் வயிற்றைக் கிளறவும் செய்யும். தூக்கத்துக்காக மட்டும் என்றால் நான் வெறும் கிழங்குப் பொடியைத்தான் சொல்வேன். இம்காப்ஸ், டாம்ப்கால் போன்ற முறையான தயாரிப்பாக, தொகுதி எண்ணும் தேதியும் அச்சிட்டதாக வாங்குங்கள். வேர் மட்டும் சேர்ந்ததா என்றும் லேபிளில் பாருங்கள். இலை கலந்த சரக்கு வேண்டாம்.

இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, ஒரு தம்ளர் பாலில் கால் தேக்கரண்டிப் பொடியைப் போட்டு, சிறுதீயில் ஐந்து நிமிடம் காய்ச்சுங்கள். பச்சை வாடை பிடிக்காது. ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் தாங்கலாம். ஒரு வாரம் வயிறு ஒத்துக்கொண்டால் அரைத் தேக்கரண்டிக்குப் போகலாம். அதற்கு மேல் சித்த மருத்துவர் சொன்னால் மட்டும். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது.

முதல் நாளே பலன் தேடாதீர்கள். நடந்த ஆய்வுகள் பலவும் 8 வாரம் கொடுத்துப் பார்த்தவை. ஒரு நோட்டில் தூங்கிய நேரம், நடுவில் விழித்தது, அன்றைய படபடப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று மூன்றே விஷயம் எழுதுங்கள். 8 வாரம் ஆனதும் நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டு வாரமும் அதே நோட்டைத் தொடருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அது உங்களுக்கு வேலை செய்யவில்லை, பணத்தை மிச்சப்படுத்துங்கள். வேலை செய்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அரிதாகச் சிலருக்கு அமுக்கராவால் கல்லீரல் பாதித்திருக்கிறது. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அமுக்கரா ஆகாதவர்களுக்குச் சீமைச் சாமந்தி டீ மென்மையான வழி. பூக்கடைச் செவ்வந்தி வேறு. அதில் பூச்சிமருந்தும் இருக்கும். காய்ந்த பூ ஒரு மேசைக்கரண்டி, கொதித்த தண்ணீர் ஒரு தம்ளர், மூடிவைத்துப் பத்து நிமிடம். மூடாவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். பார்த்தீனியம் பட்டால் அரிக்கிறவர்கள் கவனம், இரண்டும் ஒரே குடும்பம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும் தவிர்க்க வேண்டும்.

வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுங்கள், மாத்திரையாகத் தேட வேண்டாம். சடாமாஞ்சில் இமயமலையில் அழிந்துகொண்டிருக்கும் செடி, விட்டுவிடுங்கள். ஜாதிக்காயில் ஒரு சிட்டிகைக்கு மேல் விளையாட்டே கூடாது. ஒரு முழுக்காய் அளவு உள்ளே போனால் நெஞ்சு படபடத்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் மூலிகை பேச்சே வேண்டாம், 108ஐ அழையுங்கள். வேலைக்குப் போக முடியாத அளவு பயம், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.