பிரெஞ்சுப் பள்ளியில் பிஞ்சுக் குழந்தைகள்

நம் தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலை வழியே வடக்கே சென்றால் புதுவை நகரை அடைகிறோம். அங்கு 1826-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரெஞ்சு லிசே இன்றும் நடைபெற்று வருகிறது. 1962-இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களில் வீட்டுக்குத் தமிழ், பள்ளிக்குப் பிரெஞ்சு என்று வளரும் குழந்தைகளை நாம் அறிவோம்.

ஆங்கில எழுத்துகளைக் கற்ற குழந்தை பிரெஞ்சு வகுப்பில் நுழைந்தால் என்ன நேரும்? எழுத்துகள் அவையே; ஒலியோ வேறு. ஆங்கிலத்தில் 'பெயின்' என்று படித்து, வலி என்று நாம் பொருள் கொள்ளும் அதே நான்கு எழுத்துகள் பிரெஞ்சில் ரொட்டியைக் குறிக்கும்! மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். தொண்ணூறு என்பதற்கு 'நான்கு இருபது, பத்து' என்று சொல்ல வேண்டும். குழந்தை திகைப்பது இயல்பே.

ஆயினும் தமிழ்க் குழந்தைக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். பிரெஞ்சிலோ, நம் 'நீ', 'நீங்கள்' போல இரு சொற்கள் உள்ளன. பாட்டியிடம் மரியாதையாகப் பேசக் கற்ற குழந்தைக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். தாய்மொழி புதுமொழிக்குப் பகையன்று, ஏணியே.

இதனைக் கனடாவில் நடந்த ஒரு முயற்சியும் காட்டுகிறது. மான்ட்ரியல் நகருக்கு அருகிலுள்ள செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோர்களே முயன்று, 1965-இல் தங்கள் குழந்தைகளுக்குப் பிரெஞ்சிலேயே நடக்கும் மழலையர் வகுப்பை ஏற்படுத்தினர். மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட் அக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பில் சற்றுப் பின்தங்கினாலும், ஆங்கிலப் பாடம் தொடங்கியபின் அவர்கள் அக்குறையை நிரப்பிக்கொண்டனர். பிரெஞ்சிலும் நல்ல தேர்ச்சி பெற்றனர். வீட்டுமொழியை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

'நமக்குப் பிரெஞ்சு தெரியாதே, எப்படி உதவுவது?' என்று பெற்றோர் கலங்க வேண்டாம். பள்ளியில் நடந்ததைத் தமிழிலேயே சொல்லச் சொல்லிக் கேட்கலாம். இரவில் கதை சொல்லலாம். ஆசிரியரை அடிக்கடி சந்தித்துப் பேசலாம். புதுமொழியில் பேசாமல் சில மாதங்கள் மௌனமாக இருக்கும் குழந்தை மந்தபுத்தியுள்ளது அன்று. அது கேட்டுக்கேட்டுச் சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 'பேசு, பேசு' என்று வற்புறுத்தினாலோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டாலோ அதன் வாய் இன்னும் இறுகிவிடும்.

தோழியரே, இது தொலைவிலுள்ள செய்தி அன்று. தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழி வகுப்புக்கு வரும் மாணவியும் இதே நிலையில்தான் இருக்கிறாள். அவள் தவறாக உச்சரித்தால் நாம் சிரிக்கலாகாது. அவளை நம் பக்கத்தில் அமர்த்தி, விளங்காததைத் தமிழில் விளக்குவோம். வீட்டில் தாய் செய்யும் உதவியை வகுப்பில் நாம் செய்வோமாக.