லண்டன் போர்வையும் வன்னி மாரியும்

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் கிடைத்தது. லண்டனில் நீங்கள் பாவிக்கும் கரண்ட் போர்வையைப் போல ஒன்றை, கிளிநொச்சியில் தனியே இருக்கும் அம்மாவுக்கு வாங்கி அனுப்பலாமா, பில் கூடுமா, ஆபத்து ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். "வன்னியில் என்ன குளிர்?" என்று உங்கள் கணவர் சிரித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் மார்கழியில் வந்து ஒரு கிழமை தகரக் கூரைக்குக் கீழே படுத்துப் பார்க்கட்டும். பிறகு கதைப்போம்.

அந்தப் போர்வையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2022 குளிர்காலத்தில் உங்கள் ஊரில் ஒரு யூனிற் மின்சாரம் 34 பென்ஸ் அளவில் நின்றது. வீட்டை முழுக்கச் சூடாக்கக் கட்டுப்படியாகாமல் சனம் திண்டாடியபோது, வீட்டை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குங்கள் என்று, காசு மிச்சம்பிடிக்க வழி சொல்லும் மார்ட்டின் லூயிஸ் போன்றவர்கள் சொன்னார்கள். மின்சாரக் கம்பனியான ஒக்ரோபஸ் எனர்ஜி, கஷ்டப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு இந்தப் போர்வைகளைச் சும்மாவே கொடுத்தது. 100 வாட் போர்வை எட்டு மணித்தியாலம் ஓடினாலும் 0.8 யூனிற்தான்; 27 பென்ஸ். அந்தக் காசுக்கு அங்கே ஹீற்றர் போட்டு ஒரு இரவைக் கடத்த முடியாது.

இங்கே சங்கதி வேறு. வவுனியாவில் தை மாத இரவில் கூட வெப்பமானி 20 பாகைக்குக் கிட்டத்தான் காட்டும். உங்கள் வீட்டில் ஹீற்றர் போட்டுப் பிடித்து வைத்திருக்கும் அளவு அது. அப்படியிருந்தும் அம்மா நடுங்குவது ஈரத்தாலும் காற்றாலும்.

ஈரமும் காற்றும் என்ன செய்யும் என்பதை 2022 மார்கழியில் நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்துகொண்டிருந்த அந்த இரண்டு மூன்று நாளில், கிளிநொச்சி, முல்லைத்தீவு தொடங்கிக் கிழக்கு வரைக்கும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்தன. வடக்கு கிழக்கிலிருந்து இறைச்சி ஏற்றுவதற்கே சில நாள் தடை போட்டார்கள். பனி கொட்டவில்லை, தண்ணீர் உறையவில்லை. வன்னியில் மாடுகளைப் பெரும்பாலும் வெளிப் பட்டியில்தான் அடைப்போம். மேலே கூரை கிடையாது. மழையில் மயிர் ஒட்டி, சேற்றில் கால் புதைந்து, வாடைக் காற்று இரவிரவாக விலாவில் அடிக்க, மேயப் போக வழியில்லாமல் வெறும் வயிற்றோடு நின்ற மாடுகள் அவை. எலும்பும் தோலுமாக நின்றவையும் கன்றுகளும் முதலில் போயின. கொட்டிலுக்குள் நின்ற மாட்டுக்கும் அதே குளிர்தான். ஆனால் அது நனையவில்லை.

தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அம்மாவின் வீட்டுக் கூரை தகரம் என்றால் அங்கேயும் அதுதான் நடக்கும். தெளிந்த இரவில் தகரம் வெளிக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோர்த்து, விடியப்புறம் சொட்டுச் சொட்டாகப் படுக்கையில் விழும். சீமெந்து நிலத்தில் பாயைப் போட்டுப் படுத்தால் மிச்சச் சூட்டை நிலம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பாயில் கரண்ட் போர்வையை விரித்தால் பாதிச் சூடு அம்மாவுக்கு, பாதி சீமெந்துக்கு.

அடுத்தது காற்று. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள். சுவரும் கூரையும் எழும்பியதோடு காசு முடிந்து, யன்னலுக்குச் சாக்கும் தறப்பாளும் கட்டியபடி வருடக் கணக்காக இருந்த வீடுகள் எத்தனையோ. சிலதில் இன்னும் அப்படித்தான். உங்கள் அம்மாவின் வீடும் அதில் ஒன்றென்றால், போர்வைக் காசை யன்னல் கதவுக்குக் கொடுங்கள்.

பில்லைப் பற்றிக் கேட்டீர்கள். கட்டணம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 2022 ஆவணியில் சராசரியாக 75 வீதம் ஏற்றினார்கள், 2023 மாசியில் திரும்பவும் 66 வீதம். ஆனால் கவனிக்க வேண்டியது 60 என்ற இலக்கத்தை. மாதம் 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீட்டுக்குக் குறைந்த விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிற்றில் இருந்தே கூடிய விலை, நிலையான கட்டணமும் கூடும். தனி ஆளான அம்மாவுக்கு 45, 50 ஓடலாம். இரவு முழுக்கப் போர்வை ஓடினால் மாதத்துக்கு 24 யூனிற் சேரும். அந்த 24 அவவை மற்றப் பக்கம் தள்ளிவிடும்.

ஆபத்துக்கு வருவோம். அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். கால் விறைத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாது. விடியப் பார்த்தால் கொப்புளம், அது ஆறாத புண். இந்த மண்ணில் இதை இன்னும் அழுத்திச் சொல்லவேண்டும். போரில் முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்திருப்பவர்கள் இங்கே கன பேர். அவர்களுக்கு யாராவது அன்பில் இதை அனுப்ப நினைத்தால் தயவுசெய்து தடுங்கள். உடம்பில் செல் துண்டோடு திரிபவர்கள் மாரி வந்தால் உளையுது என்பார்கள். உணர்வு இருக்கும் இடத்துக்கு ஒத்தடம் சுகம்தான், அது வேறு.

எலியையும் மறந்துவிடவேண்டாம். மாரியில் வயல் எலி வீட்டுக்குள் வரும்; வயர் ஓடும் துணி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்யாத வீட்டில் இந்தச் சாமானைக் கொழுவக் கூடாது. கனடாவில் சொந்தக்காரர் யாரிடமாவது சொல்லி வாங்குவதும் வேண்டாம். அங்கே 120 வோல்ற், இங்கே 230; கொழுவிய கையோடு புகையும். உங்கள் ஊர்ச் சாமான் என்றால் வோல்ற் பொருந்தும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஒரு கட்டில், மெத்தை. காற்று வரும் பக்கத்து யன்னலுக்குக் கதவு. படுக்கும் அறைக்கு மட்டுமாவது தகரத்தின் கீழே சீலிங். மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களைக் கேளுங்கள், தோட்டத்துக் கம்பளியின் அருமை சொல்லுவார்கள். சொரசொரவென்று குத்தும், ஆனால் கொஞ்சம் ஈரம் பட்டாலும் சூடு விடாது. அதில் ஒன்றும் கம்பளிக் காலுறையும் போதும். தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் புகையில்லாத நஞ்சு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அனுப்பத்தான் வேண்டுமென்று மனம் சொன்னால், ஒரு வழி இருக்கிறது. படுக்க அரை மணித்தியாலத்துக்கு முன்னே மெத்தையில் விரித்துப் போட்டு, ஏறிப் படுக்க முன் சுவர் ஸ்விட்சில் நிறுத்திவிடவேண்டும். மாதத்துக்கு ஒன்றரை யூனிற். காலும் தப்பும், 60-உம் தப்பும். ஆனால் அதை அம்மா மறக்காமல் நிறுத்துவாவா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த கடிதத்தில் மூன்று விசயம் எழுதுங்கள்: கூரை ஓடா தகரமா, அம்மா கட்டிலில் படுக்கிறவவா, உள்ளங்காலில் தொட்டால் அவவுக்குத் தெரிகிறதா. மூன்றாவதை ரெலிபோனில் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லுவா. பக்கத்து வீட்டுப் பிள்ளை யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து உங்கள் அண்ணன்